சர்க்கரை குறைந்த பிறகும் கண் ஏன் மங்குகிறது?

கம்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அப்பாவுக்கு 52 வயது. தினமும் அதிகாலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறவர். பதினொரு வருடமாகச் சர்க்கரை நோய். போன வருடம் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10.2 இருந்தது. அதற்குப் பின் மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, சோற்றைக் குறைத்து, எட்டே மாதத்தில் 6.9-க்குக் கொண்டு வந்துவிட்டார். வீடே சந்தோஷப்பட்டது. ஆனால் போன மாதம் இடது கண் மங்கலாகி, விழித்திரை ரத்தக்குழாய்கள் கசிந்து வீக்கம் இருப்பதாகக் கண் மருத்துவர் சொல்லிவிட்டார். சிறுநீரில் ஒழுகும் அல்புமின் என்ற புரதம் 140. அப்பா மனம் உடைந்துபோய், "இவ்வளவு கஷ்டப்பட்டும் இதுதான் பலன்னா மாத்திரை எதுக்கு?" என்கிறாராம்.

மகள் பாடப்புத்தகத்தில், சர்க்கரை ஒட்டிய புரதங்களை ரத்தக்குழாய் செல்கள் 'ரேஜ்' என்ற ஏற்பியால் (செல்லின் மேற்பரப்பில் இருந்து வெளிப்பொருளைப் பிடிக்கும் புரதத்தால்) அடையாளம் காண்பதைப் படித்திருக்கிறார். அதிலிருந்துதான் அவருடைய கேள்விகள். குறைந்த பிறகும் சேதம் ஏன்? அந்த ஏற்பியை அடைக்க மருந்து இருக்கிறதா? மாமா ஒருவர் வாங்கிக் கொடுத்த, "குழாயில் ஒட்டிய சர்க்கரையை உருக்கி வெளியேற்றும்" பவுடரைத் தொடரலாமா? வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் தேனும் கருப்பட்டியும் கொடுப்பது சரியா? கடைசியாக, போகிறபோக்கில் ஒரு வரி: வேலையிடத்தில் பதினொரு மணி வாக்கில் அப்பாவுக்குக் கை நடுங்கி வியர்க்கிறது, பவுடர் விற்றவர் அதைப் "பழைய சர்க்கரை வெளியேறும் அறிகுறி" என்றார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்தக் கடைசி வரிக்குத்தான். ஏற்பியைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

அந்தப் பதினொரு மணி நடுக்கம்

அது பழைய சர்க்கரை வெளியேறுவது அல்ல. அப்படி ஒன்று கிடையாது. நடுக்கம், வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்தால், ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். நீங்கள் எழுதி அனுப்பிய மாத்திரைப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. கட்டப்பனையில் எழுதிக் கொடுத்த மாத்திரையில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு இருக்கிறது. கம்பத்தில் வாங்கும் மாத்திரையிலும் வேறு பெயரில் அதே கிளிமிபிரைடு இருக்கிறது. அட்டையின் நிறமும் கம்பெனிப் பெயரும் வேறாக இருப்பதால் இரண்டு வேறு மருந்து என்று வீட்டில் நினைத்துவிட்டீர்கள். மேட்டுக்கு மேலே கேரளத்தில் ஒரு மருத்துவர், கீழே கம்பத்தில் ஒரு மருத்துவர் என்று பார்க்கும் நம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு மருத்துவர்களுமே தவறு செய்யவில்லை. ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பிட்டிருக்கிறாரா இல்லையா என்று அது பார்க்காது. உங்கள் அப்பா அஞ்சரை மணிக்கு வீட்டில் வெறும் தேநீரோடு மாத்திரையைப் போட்டுவிட்டு ஜீப் ஏறுகிறார். தூக்குச்சட்டியைத் திறப்பது பத்தரைக்கோ பதினொன்றுக்கோ. நடுவில் சரிவில் ஏறி இறங்கும் வேலை. நடுக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்றே இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஒரே மருத்துவரிடம் போங்கள். அவரைப் பார்க்கும் வரை, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வெறும் வயிற்றில் கிளிமிபிரைடு போட வேண்டாம். நடுக்கம் வந்தால் முடிந்தால் விரலில் குத்திப் பார்க்கட்டும். 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. கருவி கையில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து, சரியானதும் சாப்பிட வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லி வையுங்கள்: மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

அந்த ஏற்பி உண்மையில் எதைப் பிடிக்கிறது

இனி உங்கள் பாடத்துக்கு வருவோம். அப்பாவின் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ், எந்த நொதியின் உதவியும் இல்லாமல் தானாகவே புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். முதல் ஒட்டல் சில மணி நேரத்தில் நடக்கும். சர்க்கரை இறங்கினால் பிரிந்தும் விடும். சில வாரங்களில் அது உறுதியான பிணைப்பாக மாறும். அப்பாவின் 6.9 என்ற எண் இந்த இரண்டாம் கட்டத்தை, சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் அளந்தது. அதன் பிறகு பல மாதங்களாக, வருடங்களாக வேதிமாற்றங்கள் தொடர்ந்து, திரும்ப முடியாத பொருள்கள் உருவாகின்றன. அவற்றைத்தான் ஏ.ஜி.இ என்கிறோம். தோசைக் கல்லில் மாவு பொன்னிறமாகச் சிவப்பதும் இதே குடும்பத்து வேதிவினைதான். 1912-ல் லூயி மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதை விவரித்தார். கல்லில் சில நிமிடத்தில் நடப்பது, உடல் சூட்டில் வருடக்கணக்கில் மெல்ல நடக்கிறது.

"செல்கள் சர்க்கரையை அடையாளம் கண்டு தாக்கப்படுகின்றன" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் ஒரு திருத்தம். ரேஜ் ஏற்பி குளுக்கோஸைப் பிடிப்பதில்லை. சர்க்கரை ஒட்டி முதிர்ந்த பிறகு அந்தப் புரதம் எப்படி மாறியிருக்கிறதோ அதைத்தான் பிடிக்கிறது. லைசின் போன்ற அமினோ அமிலங்களில் இயல்பாக நேர்மின்னேற்றம் உண்டு. முதிர்ந்த சர்க்கரைத் துண்டு அங்கே உட்கார்ந்ததும் அந்த நேர்மின்னேற்றம் போய்விடுகிறது. கார்பாக்சிமெத்தில் லைசினாக மாறினால் எதிர்மின்னேற்றமே வந்துவிடுகிறது. ரேஜின் வெளிமுனையில் 'வி' எனப்படும் பகுதியில் நேர்மின்னேற்றம் செறிந்த ஓர் இடம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. வடிவமும் மின்னேற்றமும் சேர்ந்த அடையாளம் இது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த ஏற்பி சர்க்கரை நோய்க்காக உண்டானதல்ல. 1992-ல் மாட்டின் நுரையீரலிலிருந்து ஆன் மேரி ஷ்மிட், டேவிட் ஸ்டெர்ன் குழுவினர் இதைப் பிரித்தெடுத்தபோது ஏ.ஜி.இ-யைப் பிடிக்கும் ஏற்பி என்று பெயர் வைத்தார்கள். பின்னால்தான் இது எஸ்100 புரதங்கள், எச்எம்ஜிபி1 என்று அழற்சியின்போதும் செல் சிதையும்போதும் வெளிவரும் பொருள்களையும் பிடிப்பது தெரிந்தது. மரபணுவின் இருப்பிடமும் அதைத்தான் காட்டுகிறது: ஆறாவது குரோமோசோமில், நோயெதிர்ப்பு மரபணுக்கள் கூடி இருக்கும் பகுதிக்குள் இருக்கிறது. உடலில் ஏதோ ஆபத்து என்று செல்லுக்குச் சொல்வது இதன் வேலை. முதிர்ந்த சர்க்கரைப் புரதமும் அதே ஏற்பியில் உட்காருவதால், கிருமியே இல்லாத இடத்தில் வருடக்கணக்கில் அழற்சி ஓடுகிறது. சர்க்கரை நோயை வெறும் "சர்க்கரை அதிகம்" என்று மட்டும் பார்ப்பது போதாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஏற்பி வெளியே பிடித்ததும் அதன் சிறிய வால் செல்லுக்குள்ளே டயாஃப்1 என்ற புரதத்தோடு சேர்கிறது. செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜனேற்றிகள் பெருகுகின்றன. என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து பல மரபணுக்களை இயக்குகிறது. குழாயின் உள்சுவர் செல்கள் மேற்பரப்பில் விசிஏஎம்-1 போன்ற ஒட்டும் புரதங்களை வைக்கின்றன. வெள்ளணுக்கள் வந்து ஒட்டுகின்றன. குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. செல்களுக்கு இடையிலான இணைப்பு தளர்ந்து கசிகிறது. விழித்திரையில் அது வீக்கம். சிறுநீரகத்தில், வடிகட்டியின் இன்னொரு பக்கச் செல்களும் பாதிக்கப்பட்டு, அல்புமின் ஒழுகுகிறது. அப்பாவின் இரண்டு அறிக்கைகளும் வேறு வேறு நோயைச் சொல்லவில்லை. ஒரே விஷயத்தை இரண்டு உறுப்புகளில் பார்த்திருக்கிறோம்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். பிடிக்க வேண்டிய பொருள் மிக அதிகமாக இருந்தால், பல ஏற்பிகளின் எண்ணிக்கையைச் செல் குறைத்துக்கொள்ளும். இன்சுலின் ஏற்பியில் அதுதான் நடக்கிறது. ரேஜில் நேர் எதிர். என்எஃப்-கப்பா-பி, ரேஜின் மரபணுவையே இயக்குகிறது. பிடிக்கப் பிடிக்க ஏற்பி கூடுகிறது, கூடக் கூட இன்னும் பிடிக்கிறது. இப்படித் தொடங்கிவிட்ட ஒன்று, சர்க்கரை குறைந்த மறுநாளே நின்றுவிடாது.

அப்படியானால் 6.9 பொய்யா?

பொய்யில்லை. அது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். பழையவை போய்ப் புதியவை வந்ததும் எண் இறங்கிவிடும். ரத்தக்குழாய்ச் சுவரைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் அப்படி மாறுவதில்லை. தோலில் உள்ள கொலாஜனில் பாதி மாறவே ஏறக்குறைய 15 வருடம் ஆகிறது. ஆக, அப்பாவின் குழாய்களில் ஒட்டியிருப்பது பதினொரு வருடத்து வரவு. எட்டு மாத உழைப்பு அதை அழிக்காது. மேலே சேர்வதைத் தடுத்திருக்கிறது.

இதற்கு மனிதர்களிடமே சான்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி ஆய்வு 1993-ல் முடிந்தது. கட்டுப்பாடு நன்றாக இருந்தவர்களுக்கும் சுமாராக இருந்தவர்களுக்கும் அதன் பிறகு எச்பிஏ1சி ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் கண், சிறுநீரகப் பாதிப்பில் இருந்த வித்தியாசம் பல வருடம் மறையவில்லை. உங்கள் அப்பாவுக்கு இருக்கும் இரண்டாம் வகையில், பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வைப் பத்து வருடம் பின்தொடர்ந்து 2008-ல் வெளியிட்டபோதும் இதையே பார்த்தார்கள். பழைய கட்டுப்பாட்டின் நன்மை, எண்கள் ஒன்றான பிறகும் தொடர்ந்தது. மாரடைப்பும் மரணமும்கூடக் குறைந்திருந்தன. ஏ.ஜி.இ மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மரபணுக்களின் மேல் படியும் வேதிக் குறிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பொருள் ஒன்றுதான்: இன்றைய கட்டுப்பாட்டின் பலன் இன்றைய கண்ணில் தெரியாது, சில வருடம் கழித்துத் தெரியும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு; இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வெகுநாள் ஏறிக் கிடந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே பாதிப்பு இருக்கும் விழித்திரை முதல் வருடத்தில் தற்காலிகமாக மோசமாகலாம். டிசிசிடியிலும் அதைக் கண்டார்கள். அதே ஆள்கள் பின்னாளில் மற்றவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். அதனால் சர்க்கரையை மறுபடி ஏறவிடுவது மருந்தாகாது. அந்த ஒரு வருடம் கண்ணை அடிக்கடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 10.2-ஐக் குறைக்கத் தொடங்கிய அன்றே கண்ணையும் பார்த்திருக்க வேண்டும். நடந்தது நடந்துவிட்டது, இனி தேதி தவற வேண்டாம்.

ரேஜை அடைக்கும் மருந்து, அந்தப் பவுடர்

உங்கள் சிந்தனை சரியான திசையில்தான் போயிருக்கிறது. உலகமே முயன்றது. ஏ.ஜி.இ உருவாவதைத் தடுக்க அமினோகுவானிடின் வந்தது. சோதனைகளில் பாதுகாப்பும் பலனும் போதவில்லை. ஒட்டிய பிணைப்பை உடைக்க அலகிபிரியம் வந்தது. அதுவும் சந்தைக்கு வராமலே நின்றுவிட்டது. ரேஜையே அடைக்கும் அசெலிரகான் என்ற மாத்திரை, அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் 2018-ல் தோற்றது. சர்க்கரை நோய்க்காக ரேஜை அடைக்கும் மருந்து எதுவும் இன்று மருந்துக்கடையில் இல்லை. உடலே ஒரு வழி வைத்திருக்கிறது: ரேஜின் வெளிப்பகுதி மட்டும் தனியாகக் கழன்று ரத்தத்தில் மிதக்கும், செல்லை அடைவதற்கு முன்பே ஏ.ஜி.இ-யைப் பிடித்துக்கொள்ளும். அதை மருந்தாக்கும் முயற்சி எலிகளில் நல்ல பலன் தந்தது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் வேலை செய்ய நினைத்தால், இந்தத் துறையில் செய்ய இன்னும் நிறைய இருக்கிறது.

அப்படியிருக்க, ஆய்வுக்கூடங்களால் முடியாததைச் சந்தையில் விற்கும் பவுடர் செய்துவிடும் என்று எப்படி நம்புவது? மாத்திரையோடு அதைச் சாப்பிடுவதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. இப்படிப்பட்ட பொடிகளில் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் போன்ற அலோபதி மருந்துகளைச் சொல்லாமல் கலந்திருந்ததைப் பரிசோதனைகள் பல முறை காட்டியிருக்கின்றன. நடுக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நிறுத்திவிடுங்கள். ஆனால் டப்பாவைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடத்து மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. பட்டியலில் சர்க்கரை நோய் பெயர் சொல்லியே இருக்கிறது. மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மாமா மேல் கோபப்பட வேண்டாம். அக்கறையில் வாங்கி வந்தவர், அவரும் ஏமாந்தவர்தான்.

தேன், கருப்பட்டி விஷயம்: இரண்டும் சர்க்கரையைத்தான் ஏற்றும். தேனில் இருக்கும் ஃபிரக்டோஸ் குளுக்கோஸைவிட வேகமாகப் புரதத்தில் ஒட்டக் கூடியது. ஏ.ஜி.இ-க்குப் பயந்து மீன் வறுவலையும் முறுகல் தோசையையும் அடியோடு நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எண்ணெயில் பொரித்ததைவிட வேகவைத்ததில் ஏ.ஜி.இ குறைவு என்பது உண்மை. புளியும் எலுமிச்சையும் சேர்ந்த குழம்பில் இன்னும் குறைவு. ஆனால் உணவில் இருப்பதில் ஒரு பகுதியே உடலில் சேர்கிறது. இதற்காக வீட்டில் சண்டை போட வேண்டியதில்லை. அந்தப் பிடிவாதத்தை அப்பாவின் பீடியை நிறுத்துவதில் காட்டுங்கள். புகையிலைப் புகையிலேயே புரதத்தோடு வினைபுரிந்து ஏ.ஜி.இ-யை உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன. அது நேராக ரத்தத்துக்குப் போகிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கண் வீக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பார்வை மையத்தில் வீக்கம் இருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசியோ லேசரோ தேவைப்படும். உரிய நேரத்தில் செய்தால் பார்வையைக் காப்பாற்ற முடிகிறது. தேனியிலேயே நல்ல கண் மருத்துவமனை இருக்கிறது, மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. மாத்திரை அட்டைகளில் பயோகிளிட்டசோன் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகள் சிலவற்றில் அது இருக்கும். விழித்திரை வீக்கம் உள்ளவருக்கு அது வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

சிறுநீர் அல்புமின் 140 என்பது 30-க்கு மேல், 300-க்குக் கீழ், அதாவது மிதமான கசிவு. ஒரு தடவை பார்த்து முடிவு செய்வதில்லை. சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். உறுதியானால், ரேஜை அடைக்க முடியாவிட்டாலும் சிறுநீரகத்தைக் காக்க முடிகிற மருந்துகள் கைவசம் உண்டு: டெல்மிசார்டன் வகை ரத்தஅழுத்த மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் வகை. 2020-க்குப் பின் இரண்டாவதும் விலை இறங்கிவிட்டது. ரத்தஅழுத்தம் 130/80-க்குக் கீழ் இருக்க வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை தேவையா என்றும் கேளுங்கள். சாதாரண மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வாங்கலாம். அப்படி வாங்கினால் அதையும் அதே நோட்டில் எழுதுங்கள். ஒரே நோட்டு, எல்லா மருந்தும், மேட்டுக்கு மேலும் கீழும் எந்த மருத்துவரிடம் போனாலும் அது கூடவே போக வேண்டும்.

அப்பா மாத்திரையை நிறுத்தப் போவதாகச் சொன்னால், ரேஜ் பற்றி விளக்கிப் பயனில்லை. இப்படிச் சொல்லுங்கள்: "இப்ப தெரியுற கேடு பழைய பத்து வருசத்தோடது. இந்த எட்டு மாசம் நீங்க பட்ட கஷ்டத்துக்கான பலன் இனிமேதான் வரும். இப்ப விட்டுட்டா மறுபடி மேல மேல சேர ஆரம்பிச்சுடும்." ஏலத்தோட்டத்தில் நட்டவுடன் காய் பறிக்கிறவர் யாருமில்லை என்பது அவருக்கே தெரியும். கண் மருத்துவரைப் பார்க்கும்போது அப்பாவையும் உள்ளே கூப்பிட்டு, விழித்திரைப் படத்தை அவருக்கே காட்டச் சொல்லுங்கள். தன் கண்ணைத் தானே பார்த்தவர் மருந்தை எளிதில் விடுவதில்லை.

நீங்களும், வயது இருபதுதான் என்றாலும், அப்பாவுக்கு இருப்பதால் வெறும் வயிற்றுச் சர்க்கரையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். ரத்தசோகை இருந்தால், பின்னால் எச்பிஏ1சி பார்க்க நேரும்போது அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.